கீழேயிருந்து ஓம்

கேட்பதற்கு முந்தியே பதில் வந்துவிட்டது.

அஷ்பாக் கூப்பிடுவதற்காக மூச்சை இழுத்திருந்தான், அவ்வளவுதான். வாயிலிருந்து ஒரு எழுத்துகூட வெளிவரவில்லை. அதற்குள் பன்னிரண்டு அடி ஆழத்திலிருந்து, வெயில் எட்டாத அந்த வட்ட இருட்டுக்குள்ளிருந்து, "ஓம்" என்ற குரல் செங்கற் சுவரைத் தடவிக்கொண்டு மேலே வந்து, குழியின் வாயில் ஒரு நொடி நின்று, அடங்கியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு நிமிடம் ஆவதற்கு இன்னும் பத்து விநாடி இருந்தது.

பார்த்தியா இவனுக்கு இருக்கிற அவசரத்தை, என்று நினைத்துக்கொண்டான். கூப்பிடுகிறவன் நான், பதில் சொல்கிறவன் அவன். அதிலும் முந்திக்கொள்ள வேண்டுமாக்கும். பதிவுத்தாளில் 12.28 என்று இருந்த கட்டத்துக்கு எதிரே "ஓம்" என்று எழுதினான். அழுத்தின அழுத்தில் பேனை தாளைக் கிழித்தது.

விதி சின்னது. கழிவுநீர்க் குழிக்குள் ஒருவர் இறங்கினால், மேலே நிற்கிறவர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கீழே இருக்கிறவர் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்று மட்டும் சொல்ல வேண்டும். வேறு கதை கிடையாது. நீளமாகப் பேசினால் சொற்கள் சுவரில் மோதிக் குழம்பிவிடும், மேலே நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது என்று பயிற்சி வகுப்பில் பொறியியலாளர் இராகுலன் சொல்லியிருந்தார். பதில் வராவிட்டால் உடனே இழு. இடுப்பில் கட்டின கயிறு நான்கு தரம் இழுபட்டாலும் உடனே இழு. அந்த நான்கு இழுப்பை மட்டும் அவர் இரண்டு முறை சொன்னார். சேற்றைக் கிளறினால் வாயு எழும்பும். அது முதலில் மூக்கை மரக்கச் செய்யும், பிறகு தொண்டையைப் பிடிக்கும். குரல் போனவனுக்குக் கயிறுதான் வாய்.

பழைய கிட்டங்கி ஒழுங்கை துறைமுகச் சுவரோடு முடிந்துபோகிறது. ஒரு பக்கம் ஓடு சரிந்த சரக்குக் கிட்டங்கிகள். மறுபக்கம் முட்கம்பி, அதற்கப்பால் அசையாமல் கிடக்கும் உள்துறைமுகக் கடல். வெள்ளிக்கிழமை மத்தியானம் என்பதால் ஒழுங்கையில் ஒரு சனமில்லை. தூரத்துப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியிலிருந்து குத்பாப் பிரசங்கம் காற்று வரும்போது கேட்டது, காற்று நின்றால் அதுவும் நின்றது. ஊருக்குள் திரிகிற மான்களில் ஒரு பெண்மான் மட்டும் சுவரோர நிழலில் நின்று சீமெந்துப் பையின் கடதாசியை மென்றுகொண்டிருந்தது. குழியிலிருந்து வந்த மணம், அழுகின முட்டையும் சவர்க்காரமும் ஊறிப்போன தேயிலைச் சாயமும் கலந்த அந்த மணம், தார்ச்சூட்டோடு சேர்ந்து அவனுடைய உடுப்புக்குள் புகுந்திருந்தது.

கீழே ஓடுவது வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் வாய்க்கால். அதில் எவ்வளவு சேறு படிந்திருக்கிறது என்று அளப்பதுதான் இன்றைய செய்முறைச் சோதனை. மேலே தெருமுனையில் இரும்புக் கதவை இறக்கி, ஊரின் கழிவு முழுவதையும் மறித்து வைத்திருந்தார்கள். ஒரு மணிக்கு மேல் மறிக்க ஏலாது. இராகுலன் அந்தக் கதவடியில் நின்றார். குழியை மூடிவிட்டோம் என்று இங்கேயிருந்து ஃபோன் போனால்தான் கதவைத் தூக்குவார். மேலே இரண்டு பேர் நிற்க வேண்டும் என்பதும் விதிதான். ஆனால் இரண்டாவது ஆளான லொறிச் சாரதி நுஸ்கி நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார்.

"நீயும் போய்த் தொழுதிட்டு வா மச்சான், நான் அதுவரைக்கும் சும்மா இருக்கிறன்" என்று, இறங்குமுன், ரிஷிகேசன் சொல்லியிருந்தான்.

"தேவையில்ல. ஒரு மணிக்குள்ள முடிக்கோணும். நான் இறங்கிறன்."

"நான் இறங்கவா? உன்ர முறைதான் இது."

"தெரியுந்தானே? பிறகென்ன?"

"இல்லடா, உனக்குப் பிள்ளை பிறக்கப்போற நேரம். எதுக்கு அந்தக் காத்துக்குள்ள போவான்? நீ மேல நில்லு, நான் பார்க்கிறன்." அப்படிச் சொல்லிக்கொண்டே அவன் கயிற்றை இடுப்பில் கட்டி முடித்துவிட்டான்.

எவ்வளவு நல்ல பிள்ளை. கேட்கிறவனுக்குக் கண்ணே கலங்கிவிடும். ஆனால் இறங்குகிறவனுக்குத்தான் சோதனைப் புள்ளி, மேலே நிற்கிறவனுக்கு வெறும் கையெழுத்து என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கருணை காட்டுவதுபோல் காட்டிப் புள்ளியை எடுத்துக்கொண்டு போகிறான் என்றுதான் அஷ்பாக்குக்குப் பட்டது. 

நகர நீர் வழங்கலும் கழிவுநீர் முகாமையும் என்ற அந்த மூன்று மாத அடிப்படைப் பயிற்சிக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். மிஞ்சினது இரண்டு பேர். நிரந்தர நியமனம் ஒன்று. திங்கட்கிழமை இராகுலன் ஒரு பெயரை எழுதி அனுப்புவார். அந்தப் பெயர் தன்னுடையதாக இல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை கிண்ணியா முகவருக்குச் சரி என்று சொல்லிவிட்டு அஷ்பாக் திரும்பவும் கத்தாருக்கு ஏற வேண்டும். இரண்டு வருடம். மனைவி ஜுமானாவுக்கு இது ஏழாம் மாதம். பிள்ளையின் முகத்தை ஃபோனில்தான் பார்க்க வேண்டிவரும்.

முதல் மாதம் அவன்தான் முன்னுக்கு நின்றான். தாங்கியின் கொள்ளளவு, குழாயின் விட்டம், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் என்று எழுதுகிற கணக்கெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிறகு களப்பயிற்சி தொடங்கியது. அதோடு எல்லாம் போச்சு. குளோரின் சோதனைக் குப்பியில் இளஞ்சிவப்பு எந்த அளவு என்று அவன் அட்டையை வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ரிஷி குப்பியை வெயிலில் ஒருதரம் தூக்கிப் பார்த்து அளவைச் சொல்லிவிடுவான். சரியாக இருக்கும். வால்வின் மேல் இரும்புக் கம்பியை வைத்து மறுமுனையில் காதை வைத்தால், பாலையூற்று வீதியில் எந்த வீட்டு வாசலுக்கு நேரே குழாய் கசிகிறது என்று சொல்லுவான். தோண்டினால் அங்கே ஈரம் இருக்கும். அஷ்பாக் காதை வைத்தால் அவனுடைய நாடித்துடிப்புத்தான் அவனுக்குக் கேட்கும்.

அதையும் பொறுத்துக்கொண்டிருக்கலாம். போன மாதம் வீட்டுத் தண்ணீர் மீற்றர் ஓடாமல் நின்றபோது ரிஷி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கழற்றித் துடைத்துப் பூட்டிவிட்டுப் போனான். ஜுமானா அவனுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் போன பிறகு, "என்ன பொறுமையான மனிசன் அவர்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த நான்கு சொல்லை அஷ்பாக் ஒரு மாதமாக நெஞ்சுக்குள் போட்டு உருட்டிக்கொண்டு திரிகிறான்.

மணி 12.30.

"ரிஷி!"

"ஓம்."

இந்தத் தடவை நேரத்துக்கு வந்தது. ஆனால் பக்கம் பிழை. ரிஷி கதவுப் பக்கம், நகரத்தை நோக்கித்தான் குனிந்துகொண்டு போனான். கயிறும் அந்தப் பக்கம்தான் நீண்டு கிடந்தது. குரல் வந்தது கடற்பக்கத்து வாய்க்காலிலிருந்து. அஷ்பாக் குழியின் விளிம்பில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தான். ஏறி இறங்கும் இரும்புப் படிகள், அதற்குக் கீழே கறுப்பாக மினுங்கும் சேறு, இடது பக்கம் நகரத்தை நோக்கி ஒரு வட்ட வாய், வலது பக்கம் கடலை நோக்கி ஒரு வட்ட வாய். இடது பக்கம் மிகத் தூரத்தில் ரிஷியின் டோர்ச் வெளிச்சம் போல ஏதோ மஞ்சளாக அசைந்தது. வலது பக்கம் ஒன்றுமில்லை. எதிரொலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு எழும்பினான். 

நிமிர்ந்து பார்த்தபோது மான் மெல்லுவதை நிறுத்தியிருந்தது. கடதாசி வாயிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு காதுகளும் குழியைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

"என்ன? நீயும் அவன்ர கட்சியா?" என்று அஷ்பாக் மானைக் கேட்டான். தன் குரல் தனக்கே கொஞ்சம் துணையாக இருந்தது.

கயிறு கையில் மெல்ல ஊர்ந்தது. ரிஷி இன்னும் உள்ளே போகிறான். எவ்வளவு தூரம் போக வேண்டுமோ அதைவிட நாலடி கூடப் போய் அளந்து வருவான், அப்படிப்பட்டவன். திங்கட்கிழமை இராகுலன் அதையும் சேர்த்துப் பாராட்டுவார். பயிற்சி முடிவுக் கூட்டத்தில் கைதட்டுவார்கள். அஷ்பாக்கும் தட்ட வேண்டும், சிரித்துக்கொண்டு. இவன் ஒருவன் இந்தப் பயிற்சிக்கு வராமல் இருந்திருந்தால் இந்த வேலை எனக்குத்தானே, என்று நினைத்தான்.

"ஓம்."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். மணி 12.31. கூப்பிடும் நேரம் அல்ல. கூப்பிடவும் இல்லை.

அந்த 12.28க்கு வந்த பதிலை அப்போதுதான் திரும்ப நினைத்துப் பார்த்தான். அதற்கு முன்னால் என்ன நினைத்துக்கொண்டு நின்றேன்? இதையேதான். இதே சொற்கள். திங்கட்கிழமை, பெயர், இவன் இல்லாவிட்டால் எனக்குத்தானே. அந்த "தானே" முடியும்போதுதான் கீழேயிருந்து குரல் வந்தது.

 சும்மா இரு, விசர்க்கதை கதைக்காதே என்று தன்னையே அதட்டினான். மனதுக்குள் நினைப்பது குழிக்குள் கேட்குமா? சரி, பார்ப்போம். இன்றைக்கு வெள்ளிக்கிழமையா, என்று நினைத்தான். வேண்டுமென்றே, எழுத்தெழுத்தாக. குழி பேசவில்லை. நான் கிண்ணியாவில்தானே பிறந்தேன்? பேசவில்லை. தூரத்துக் குத்பாதான் காற்றில் வந்து போனது. அவனுக்கு மூச்சு வந்தது. சிரிக்கக்கூடச் சிரித்தான். பார்த்தியா, ஒன்றுமில்லை. ரிஷி கீழே நின்று பகிடி விடுகிறான், அவ்வளவுதான். ஜுமானா முன்னால்கூட அப்படித்தான் பகிடி விட்டு அவளைச் சிரிக்க வைத்தான். அவள் என்னிடம் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம். அவளுக்கு என்னைவிட இவனைத்தான்...

அந்த நினைப்பு தனக்குள் இருந்ததே அவனுக்கு அந்த நொடிவரை தெரியாது.

"ஓம்."

மெதுவாக, பரிவாக. நோயாளியின் தலைமாட்டில் இருந்து சொல்வதுபோல. வலது பக்கத்து வாயிலிருந்து அல்ல. நேரே கீழேயிருந்து, முதற்படிக்குப் பக்கத்திலிருந்து.

மான் கடதாசியைப் போட்டுவிட்டு ஓடியது. குளம்புச் சத்தம் ஒழுங்கை முழுக்கத் தடதடத்துக் கடைசியில் தேய்ந்தது. அதன் பிறகு குத்பாவும் கேட்கவில்லை. தொழுகை தொடங்கியிருக்கும். இப்போது அந்த ஒழுங்கையில் சத்தம் போடக்கூடியது அஷ்பாக்கும் குழியும்தான்.

அவன் இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் கூப்பிட்டான், வந்த பதிலை எழுதினான், இடையில் ஒன்றும் நினைக்காமல் இருக்கப் பார்த்தான். அது ஏலாத காரியம். சேற்றின் ஆழம், குழாயின் விட்டம், ஒரு ஆளுக்கு நூற்றிருபது லீற்றர், வருகிற தண்ணீரில் எண்பது வீதம் கழிவாகப் போகிறது. வகுப்பில் படித்ததையெல்லாம் ஓதினான். வருகிற தண்ணீரைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், போகிற தண்ணீர் எங்கே போகிறதென்று வீட்டுக்காரருக்குத் தெரியாது என்று இராகுலன் முதல் நாள் சொன்னது ஞாபகம் வந்தது. எத்தனை குசினி, எத்தனை குளியலறை. கழுவி ஊற்றினது, கக்கினது, ஒருவருக்கும் காட்டாமல் ஊற்றிவிட்டது எல்லாம் இந்த இருட்டில்தான் வந்து படிகிறது. நூறு வருடமாகப் படிகிறது. அதைத்தான் ரிஷி கீழே கம்பியால் குத்திக் கிளறிக்கொண்டு நிற்கிறான்.

12.40. அவன் வாயைத் திறக்குமுன் கயிறு இழுபட்டது.

ஒன்று. இரண்டு.

மூன்று.

நான்கு.

பலமில்லாத இழுப்பு. தூங்கி விழுகிறவன் கை. ஆனால் நான்கு.

"ரிஷி!" அவன் கத்தினான். "ரிஷி! டேய்!"

"ஓம்."

தெளிவான குரல். நல்ல சுகமான குரல். இருமல் இல்லை, திணறல் இல்லை. ரிஷியின் குரலேதான். ஆனால் ரிஷி "ஓம்" சொன்னால் கடைசியில் மூக்கால் ஒரு சின்ன இழுவை இருக்கும், சல்லிக் கிராமத்துப் பக்கத்து இழுவை. அஷ்பாக் மூன்று மாதம் பக்கத்தில் இருந்து கேட்டு எரிச்சற்பட்ட இழுவை அது. இதில் அது இல்லை. யாரோ அந்தச் சொல்லை நன்றாகக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்ததுபோல் இருந்தது.

குழிக்கு மேலே மூன்று கால் இரும்பு நின்றது. அதில் ஒரு சில்லு, சில்லுக்கு ஒரு கைபிடி. கைபிடியைச் சுற்றினால் கயிறு ஏறும், ஆள் வருவான். சின்னப் பிள்ளைகூடச் சுற்றலாம். அஷ்பாக்கின் கை கைபிடியில் இருந்தது. இரும்பு சுட்டது.

இப்போது இழுத்து, அவன் சுகமாக வந்து நின்றால்? ஏன் மச்சான் பயந்திட்டியா என்று சிரிப்பான். மேலே நின்றவன் பயந்தாங்கொள்ளி என்று இராகுலன் எழுதுவார். கயிறு கல்லில் சிக்கியிருக்கும், அதனால் ஆடியிருக்கும். பதில் வந்ததுதானே? பதில் வந்தால் எழுது என்றுதானே விதி? இப்படி ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினான். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தன. அவற்றுக்கெல்லாம் குழி ஒரு பதிலும் சொல்லவில்லை. காத்திருந்தது. அவனும் காத்திருந்தான். கடைசியில் அந்த அடுக்குக்கு அடியில் கிடந்த கேள்வி தானாக மேலே வந்தது.

இழுக்காமல் விட்டால்?

"ஓம்" என்றது, மிக மெதுவாக, காதுக்குள் சொல்வதுபோல்.

அவன் கைபிடியிலிருந்து கையை எடுத்தான். பதிவுத்தாளைப் பிரித்தான். 12.40. ஓம். கையெழுத்து அழகாக விழுந்தது.

அப்போதுதான் மணம் இல்லை என்று தெரிந்தது. முட்டை இல்லை, சவர்க்காரம் இல்லை. தார் இல்லை. அவனுடைய வியர்வைகூட இல்லை. மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். ஒன்றுமில்லை.

கயிறு திரும்ப இழுபட்டது. நான்கு. கொஞ்சம் விட்டு, நான்கு.

அவன் அழுதான். அதையும் சொல்லத்தான் வேண்டும். நின்ற இடத்தில் நின்று, பேனையைக் கையில் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக அழுதான். ரிஷி கெட்டவனில்லை. ஒரு நாளும் கெட்டது செய்யவில்லை. காலைச் சாப்பாட்டுப் பொதியில் பாதியை இவனுக்குத் தள்ளுவான். வாரமெல்லாம் எழுதின குறிப்புக் கொப்பியைத் தூக்கிக் கொடுப்பான். அதைத்தான் பொறுக்க ஏலாமல் இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்.

12.46க்குப் படிகளில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

ஒரு படி. ஒரு படி. அவசரமில்லாமல்.

மஞ்சள் தலைக்கவசம் இருட்டிலிருந்து எழும்பியது. தோள். கை. ரிஷிகேசன் குழியின் விளிம்பைப் பிடித்து, உந்தி, வெளியே வந்து நேராக நின்றான்.

"யா அல்லாஹ்! ரிஷி! வந்திட்டியா மச்சான்!" அஷ்பாக் அவனைக் கட்டிப்பிடிக்க ஒரு அடி எடுத்து வைத்தான். எடுத்த கால் அப்படியே நின்றது.

சேறு இல்லை. கைகளில் இல்லை, முழங்காலில் இல்லை, சப்பாத்தில் இல்லை. காலையில் அலுமாரியிலிருந்து எடுத்த சட்டை போலக் கிடந்தது அந்தச் சட்டை. இருபத்தாறு நிமிடம் இருட்டில் கிடந்துவிட்டு உச்சி வெயிலுக்கு வந்தவன் கண்ணைச் சுருக்கவில்லை. நேரே அஷ்பாக்கைப் பார்த்தான். சிரித்தான்.

இடுப்பில் கயிறு இல்லை.

"கயிறு எங்கடா?"

"ஓம்."

"கயிறு... கழட்டிட்டியா?"

"ஓம்."

சத்தம் முதலில் வந்தது. உதடு அதற்குப் பிறகுதான் அசைந்தது.

அஷ்பாக் குனிந்து பார்த்தான். சில்லிலிருந்து இறங்கின கயிறு நேராகக் கீழே போய், இடது பக்கம் வளைந்து, இருட்டுக்குள் விறைத்துக்கொண்டு நின்றது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஆடியது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

பக்கத்தில் நின்றவனும் குனிந்து அதைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து அஷ்பாக்கைப் பார்த்தான். அந்த முகத்தில் கோபமில்லை, ஏளனமில்லை. இத்தனை வருடத்தில் ஒருவரும் அஷ்பாக்கை இப்படிப் பார்த்ததில்லை. உன்னுடைய பக்கம்தான் நான் என்று சொல்கிற முகம். இவன் திங்கட்கிழமைக் கூட்டத்தில் என்ன சொல்லுவான்? எதைக் கேட்டாலும் இந்த ஒரு சொல்லைத்தான் சொல்லுவான். குப்பியைத் தூக்கிப் பார்த்து அளவு சொல்ல மாட்டான். கம்பியில் காதை வைத்துக் கசிவு சொல்ல மாட்டான். இவனோடு போட்டி என்றால் வேலை யாருக்கு?

கேள்வியை முடிக்கக்கூட இல்லை.

"ஓம்."

ஒழுங்கை முனையில் மோட்டார் சைக்கிள் சத்தம். நுஸ்கி நானாவின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. இன்னும் அறுபது யார் தூரம். ஐம்பது. அஷ்பாக்குக்கு நேரம் இருந்தது. கைபிடியைச் சுற்றலாம். நானா ஓடிவா, உள்ளுக்க ஆள் கிடக்கு என்று கத்தலாம். இரண்டையும் அவன் நினைத்தான். நினைத்துக்கொண்டே கயிற்றின் நுனியைச் சில்லிலிருந்து கழற்றினான். நுனி கையில் இருந்தது. அது நான்கு தரம் இழுபட்டது. விரலை விரித்தான். கயிறு விளிம்பில் உரசிக்கொண்டு வளைந்து வளைந்து உள்ளே போனது.

"அல்ஹம்துலில்லாஹ், ரிஷித் தம்பி வெளியில வந்தாச்சா?" நுஸ்கி நானா மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டே கேட்டார்.

"ஓம்" என்றான் ரிஷி.

"என்ன தம்பி, மாப்பிள்ளை மாதிரி நிக்கிறீங்க? சேறே படல்ல?" அவர் சிரித்துக்கொண்டு இரும்பு மூன்றுகாலை இழுத்து அப்பால் வைத்தார். "சேர் ஃபோனுக்கு மேல ஃபோன். தண்ணி மேல கதவைத் தாண்டப் போகுதாம். மூடியப் போடுவம். அஷ்பாக் தம்பி, ஒருக்காக் கேட்டுத்தானே ஆகோணும்: உள்ளுக்க ஒருத்தரும் இல்லைத்தானே?"

மூடுமுன் கேட்க வேண்டிய கேள்வி அது. அதுவும் விதி.

இல்லைத்தானே. அப்படிக் கேட்டால் அதற்கு அந்த ஒரு சொல்லே போதும். ஓம், இல்லை என்றும் எடுக்கலாம். ஓம், இருக்கிறான் என்றும் எடுக்கலாம். நான் பொய் சொல்லவில்லை, கேட்டவர் எடுத்தது ஒரு பொருள், அவ்வளவுதான். நாளைக்கு யாரும் கேட்டால் அப்படிச் சொல்லலாம். பிள்ளை பிறக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் நிற்கலாம்.

பக்கத்தில் நின்றவன் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. அஷ்பாக்குக்காகக் காத்திருந்தான்.

"ஓம்" என்றான் அஷ்பாக்.

வார்ப்பிரும்பு மூடி உருண்டு வந்து இருப்பில் விழுந்தது. பூமி அதிர்ந்தது. நுஸ்கி நானா தூக்குக் கம்பியை மூடியின் ஓட்டையிலிருந்து உருவிக்கொண்டு ஒழுங்கையோரம் நின்ற லொறியை நோக்கி நடந்தார். நடந்தபடியே ஃபோனைக் காதில் வைத்தார். "சேர், மூடிட்டம். ஓம், ரெண்டு பேரும் மேலதான். நீங்க திறங்க."

ரிஷிகேசன் அவருக்குப் பின்னால் போனான். தாரில் அவனுடைய சப்பாத்து ஒரு சத்தமும் செய்யவில்லை. லொறியின் முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டி, அஷ்பாக்கைப் பார்த்தான்.

அஷ்பாக் போகத் திரும்பினான்.

காலடியில் ஏதோ சுரண்டியது.

மூடியின் ஓட்டை ஒரு விரல் அளவு. அதற்குள்ளிருந்து ஒரு விரல் வந்தது. கறுத்த சேறு. நகம் உடைந்து தொங்கியது. விரல் வெயிலில் நடுங்கியது. ஓட்டையின் விளிம்பைத் தடவியது. அங்குமிங்கும் தேடியது. கீழே, தூரத்தில், கதவு தூக்குகிற இரும்புச் சத்தம் கேட்டது. பிறகு, ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் வாய் கொப்பளிப்பதுபோல ஒரு இரைச்சல். அது ஒழுங்கையின் அடியால் நெருங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, வாங்களன்! என்னத்தப் பார்த்துக்கொண்டு நிக்கிறீங்க?" நுஸ்கி நானா இறங்கி வரத் தொடங்கினார்.

அஷ்பாக் காலைத் தூக்கி, அந்த ஓட்டையின்மேல் வைத்தான். முழுப் பாரத்தையும் வைத்தான்.

"ஒண்டுமில்ல நானா" என்றான். "வாறன்."

சப்பாத்தின் அடித்தோலில் அது தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.